ஆறு கட்டிய தீவுகள்

நெல்லிக்குப்பத்தில் காலையில் ரயிலேறி இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடக்கூடிய தூரத்தில் 51 தீவுகள் இருக்கின்றன. சர்க்கரை ஆலை பின்னால் போனதும் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று தெற்கே இறங்கும் பாதை, வழியில் கெடிலத்தையும் பிறகு வெள்ளாற்றையும் கடந்து கிள்ளைக்கு வரும். அங்கே இறங்கிக் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் பிச்சாவரம் படகுத்துறை. நெய்வேலியிலிருந்து வருகிறவர்கள் சிதம்பரம் வந்து திரும்பலாம். எப்படி வந்தாலும், ஒரு பகல் முழுவதையும் இந்தத் தீவுகளுக்கென்று ஒதுக்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு மணி நேரம் படகில் சுற்றிவிட்டு, ‘இதயக்கனி’ படம் எடுத்த இடம் எது என்று கேட்டுவிட்டுப் புறப்படுகிறவர்கள் இங்கே நடக்கும் பெரிய வேலையைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

வெப்பமண்டலத் தீவு, அதைச் சுற்றி அமைதியான நீர் என்றதும் நம் மனதில் எழும் படம் பெரும்பாலும் தஹிதி, மோரியா, போரா போரா போன்ற பாலினீசியத் தீவுகளுடையது. நடுவில் பச்சை மலை, சுற்றிலும் நீல நிறத்தில் அடிமணல் தெரியும் தண்ணீர், அதற்கு அப்பால் அலை உடையும் பவளத்திட்டு. அந்தப் படத்தை மனதில் வைத்துக்கொண்டு பிச்சாவரம் வருகிறவருக்கு முதலில் கண்ணில் படுவது கலங்கிய பழுப்புத் தண்ணீர். கையை விட்டால் ஒரு முழத்துக்குக் கீழே விரல் தெரியாது. அதை அழுக்கு என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தப் பழுப்பு நிறத்தைப் பற்றியதுதான்.

முதலில் அந்த நீல நீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1835 நவம்பரில் தஹிதித் தீவின் மலைச்சரிவு ஒன்றில் ஏறிய சார்லஸ் டார்வின், கடலுக்கு அப்பால் மோரியா தீவைப் பார்த்தார். மலை, அதைச் சூழ்ந்த அமைதியான நீர், அதற்கு வெளியே வெள்ளை நுரைக்கோடாகப் பவளத்திட்டு. தீவுகள் எரிமலைகளாக எழுந்து பிறகு மெல்ல மெல்லக் கடலுக்குள் இறங்குகின்றன என்பதும், அவற்றின் விளிம்பில் வாழும் பவள உயிர்கள் வெளிச்சத்தை விட்டுவிடாமல் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கின்றன என்பதும் அவருடைய கருத்து. மலை முழுதும் மூழ்கிய பிறகு பவள வளையம் மட்டும் மிஞ்சும். 1842இல் இதை ஒரு நூலாகவே வெளியிட்டார். நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, 1952இல், மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக் வளையத்தில் துளையிட்டபோது 1,200 மீட்டருக்கும் அதிகமான சுண்ணாம்புப் பாறையைத் தாண்டித்தான் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. டார்வின் சொன்னது சரி.

அந்த நீர் நீலமாக இருப்பதற்குக் காரணம் அதில் உணவு குறைவு என்பதே. பெரிய ஆறு கிடையாது, வண்டல் கிடையாது, நுண்ணுயிர்களைப் பெருக்கும் சத்துப்பொருளும் குறைவு. பவள உயிர் தன் உடலுக்குள் வைத்திருக்கும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே தெளிந்த நீர் வேண்டும். உப்பு குறைந்தாலோ சேறு படிந்தாலோ அது செத்துவிடும்.

பிச்சாவரத்தில் இதற்கு நேர் எதிர். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். இரண்டு ஆறுகளும் கடலைத் தொடும் இடங்களுக்கு நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் பரப்பில் இந்தக் கழிமுகம் கிடக்கிறது. ஆறுகள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டின. வங்கக் கடலின் அலையும் கரையோர நீரோட்டமும் அந்த மண்ணில் மணலைப் பிரித்துக் கரையோரமாக நீள மேடாக அடுக்கின. அந்த மணல் மேட்டுக்குப் பின்னால், அலை வந்து அடிக்காத அமைதியான இடத்தில், மெல்லிய சேறு படிந்து திட்டுகளாயிற்று. பரப்பில் ஏறக்குறைய பாதி காடு. பாதிக்குச் சற்றுக் குறைவானது வாய்க்கால்களும் கழிகளும். மீதி மணலும் வெறும் சேற்றுநிலமும். மோரியாவில் எரிமலையும் பவளமும் செய்த வேலையை இங்கே ஆறும் மரமும் செய்திருக்கின்றன. இந்த நீரில் பவளம் ஒரு பருவமழைகூடத் தாங்காது. ஆனால் பவளம் தாங்காத அதே சேறும் உப்புக் குறைந்த நீரும்தான் இங்குள்ள எல்லாவற்றுக்கும் சாப்பாடு.

படகு எடுப்பதற்கு முன் கடல் ஏற்றத்தில் இருக்கிறதா வற்றத்தில் இருக்கிறதா என்று படகுக்காரரிடம் கேளுங்கள். அவருக்கு நாள் முழுவதும் தெரிந்த விஷயம் அது. தஹிதியில் இந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. அங்கே நிலவால் எழும் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகும் கடற்பகுதி அருகில் இருப்பதால், சூரியனால் எழுவதே மேலோங்கி, நண்பகலிலும் நள்ளிரவிலும் கடல் ஏறும், அதுவும் ஓர் அடி அளவுக்கு. நம் கடற்கரையில் நிலவுதான் கணக்கு வைக்கிறது. நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். உயரம் பெரிதல்ல, அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. ஆனால் தரை தட்டையாக இருக்குமிடத்தில் அரை மீட்டர் தண்ணீர் வெகு தூரம் பரவும். அந்த அரை மீட்டர் ஏறி இறங்குவதை நம்பித்தான் இந்தக் காடு நிற்கிறது. முடிந்தால் வற்றம் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். வேர்கள் வெளியே தெரியும்.

மோட்டார் படகு அகன்ற கழிகளில் மட்டும்தான் போகும். துடுப்புப் படகு எடுத்தால் குறுகிய வாய்க்கால்களுக்குள் நுழையலாம். இரண்டு பக்கமும் மரங்கள் மேலே கைகோத்து நிற்க, நடுவே தண்ணீர்ச் சந்து. ஆழம் பல இடங்களில் இடுப்பளவுதான்.

இங்கே கரையோரமாக, தண்டின் நடுவிலிருந்தே வளைந்து வளைந்து சேற்றில் ஊன்றும் வேர்களோடு நிற்பது சுரபுன்னை. அதற்குப் பின்னால், சற்று உள்ளே, தரையிலிருந்து செங்குத்தாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான விரல் உயர வேர்களுக்கு நடுவில் நிற்பது வெண்கண்டல். இந்தக் காட்டில் எண்ணிக்கையில் அதிகம் அதுவே. இன்னும் பின்னால், தண்ணீர் எப்போதாவதுதான் எட்டும் மேட்டில், தில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, கிளையை ஒடிக்காதீர்கள். சிதம்பரம் கோயிலின் தலமரம் அது. கோயில் இருக்கும் இடத்தில் இப்போது தில்லைக் காடு இல்லை. பார்க்க வேண்டுமென்றால் இங்கேதான் வரவேண்டும்.

சேற்றில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து மோந்தால் அழுகிய முட்டை வாடை வரும். மேல்தோல் கணக்கான ஒரு மெல்லிய படலத்துக்குக் கீழே அதில் உயிர்வளி கிடையாது. உள்ளே வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரில் உள்ள கந்தகச் சேர்மங்களை வைத்துப் பிழைக்கின்றன. அந்த வேலையில் கிளம்பும் வாயுவின் நாற்றம் அது. வேருக்கும் மூச்சு வேண்டும். அப்படியானால் இந்த மரங்கள் எப்படி நிற்கின்றன?

இதற்கு 1955இல் ஓர் எளிய சோதனையால் பதில் சொன்னவர் பெர் ஷோலாண்டர் என்ற உடலியங்கியல் அறிஞர். சுரபுன்னை இனத்து மரமொன்றின் ஊன்றுவேர்களில், வெளியே தெரியும் சின்னச்சின்னத் துளைகளைக் கிரீஸ் தடவி அடைத்தார். சேற்றுக்குள் இருந்த வேரில் உயிர்வளியின் அளவு விழுந்துவிட்டது. அதாவது, மேலே இருக்கும் துளைகள் காற்றை உள்ளிழுத்து, வேரின் பஞ்சு போன்ற உட்பகுதி வழியே, கீழே புதைந்த வேர்களுக்கு அனுப்புகின்றன. வெண்கண்டலின் நிமிர்ந்த வேர்களும் அதே வேலையைச் செய்கின்றன. கடல் ஏறும்போது துளைகள் மூடப்படும். வேர் உள்ளே இருந்த காற்றைச் செலவழிக்கும். கடல் இறங்கியதும் அந்த வெற்றிடத்தை நிரப்பப் புதுக்காற்று உள்ளே போகும். கடல் இறங்காமலே போனால் மரம் மூச்சு முட்டிச் சாகும். இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிச்சாவரத்தின் பெரிய நோயும் அதன் வைத்தியமும் இதிலேயே இருக்கின்றன.

அடுத்த சிக்கல் உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு சவ்வின் வழியே அதிலிருந்து நல்ல தண்ணீரைப் பிழிந்தெடுக்க ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தம் தேவை. அதே ஷோலாண்டர் 1965இல், வெட்டிய கிளையை ஓர் இரும்புக் குடுவைக்குள் வைத்து அழுத்தம் கொடுத்து, மரத்தின் நீர்க்குழாய்களுக்குள் இருக்கும் இழுவிசையை அளந்தார். சதுப்பு மரங்களில் அது 30 முதல் 60 வளிமண்டலம் வரை இருந்தது. மோட்டாரோ பம்போ இல்லாமல், இலையில் நீர் ஆவியாவதால் பிறக்கும் இழுப்பு மட்டும் வேரிலேயே கடல்நீரை வடிகட்டிவிடுகிறது. மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் சென்னைக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் மின்சாரம் செலவழித்துச் செய்வதும் இதே வடிகட்டல்தான். சுரபுன்னை உப்பில் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். வெண்கண்டல் கொஞ்சம் உள்ளே விட்டு, இலையிலுள்ள சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். காலை வெயில் ஏறிய பிறகு அதன் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கும். சில இலைகளில் உப்புத் துகள் மின்னுவது கண்ணுக்கே தெரியும்.

சுரபுன்னைக் கிளைகளிலிருந்து முருங்கைக்காயின் பருமனில் பச்சையாகத் தொங்குபவை காய்கள் அல்ல, கன்றுகள். விதை மரத்திலிருக்கும்போதே முளைத்து, தாயிடமே சாப்பாடு வாங்கி வளர்ந்து, தயாரானதும் விழும். வற்றத்தில் விழுந்தால் சேற்றில் குத்திட்டு நிற்கலாம். ஏற்றத்தில் விழுந்தால் மிதந்து போய் எங்கோ ஒரு சேற்றுக்கரையில் ஊன்றும். மிதந்து பல வாரம் உயிரோடிருக்கும்.

அப்படி மிதக்கக்கூடிய கன்று தஹிதிக்குப் போய்ச் சேரவில்லை. பசிபிக்கில் சதுப்புக் காடுகள் மேற்கிலிருந்து கிழக்கே போகப்போக இனம் குறைந்து, சமோவாவோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து தஹிதிக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். போதாததற்கு, அந்தப் பகுதியின் காற்றும் நீரோட்டமும் கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கின்றன. கன்று எதிர்நீச்சல் போட்டுத்தான் போயாக வேண்டும். மனிதர்கள்தான் கொண்டுபோனார்கள். மோரியாவில் இன்று காணப்படும், நம் சுரபுன்னைக்கு நெருங்கிய உறவான மரம், 1930களில் கொண்டுவந்து நடப்பட்டது. ஹவாயில் கதை இன்னும் பழையது. அங்கே 1902இல் மோலோகாய் தீவில் ஒரு அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனி, மழையில் அரித்துக் கரைக்கு வந்த மண்ணைப் பிடித்துவைக்கச் சதுப்பு மரத்தை நட்டது. மரம் மண்ணைப் பிடித்தது, அதோடு நிற்கவில்லை. பழைய மீன்வளர்ப்புக் குளங்களுக்குள் நுழைந்தது, நீர்ப்பறவைகள் மேய்ந்த திறந்த சேற்றுநிலங்களை மூடியது. இன்று ஹவாயில் அதை வெட்டி அகற்றுகிறார்கள். 1840களிலிருந்து கரும்பாலை நடக்கும் ஊரிலிருந்து வருகிற வாசகருக்கு இந்தச் செய்தி நெருக்கமாக இருக்கும்: கரும்பும் சர்க்கரையும் போன இடமெல்லாம் மண்ணும் மரமும் இடம் மாறியிருக்கின்றன. பிச்சாவரத்தில் வளரவேண்டிய மரம் மோலோகாயில் வளரக்கூடாததாக இருக்கிறது. மரத்தில் குற்றமில்லை. எந்த நீரில், எந்த மண்ணில், எந்த உயிர்களோடு சேர்ந்து வளர்ந்தது என்பதைப் பிரித்துவிட்டு ஒரு மரத்தை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

பிச்சாவரத்துக்கே உரிய பெருமையும் ஒன்று உண்டு. இங்கே இரண்டு வகைச் சுரபுன்னை கலந்து பிறந்த கலப்பினம் ஒன்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பக்கத்திலுள்ள பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றங்கரையில், அந்தப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆர். வி. சேஷய்யா என்ற விலங்கியல் பேராசிரியர் வளர்த்தெடுத்த இடம். இந்தியக் கழிமுகங்களைப் பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பங்கு இந்த ஒரு சிற்றூரிலிருந்து வந்தது என்பது இந்த மாவட்டத்துக்காரர்களில் பலருக்கே தெரியாது. ஊர்ப்பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துப்போய்க் காட்டவேண்டிய இடம் அது.

படகை நிறுத்தச் சொல்லிச் சேற்றைக் கொஞ்ச நேரம் அசையாமல் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு, ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவு பெரிதாயிருக்கும் சின்ன ஆண்நண்டுகள் வளையிலிருந்து வந்து அதை ஆட்டி ஆட்டிக் காட்டும். தண்ணீருக்கு வெளியே துடுப்பால் ஊர்ந்து, ஈரத்தோல் வழியே மூச்சுவிடும் மீன்கள் துள்ளும். நண்டு வளைகள் வெறும் வீடுகள் மட்டுமல்ல. ஏற்றத்தின்போது அவற்றின் வழியே தண்ணீரும் காற்றும் சேற்றுக்குள் இறங்குகின்றன. விழுந்த இலையை நண்டு இழுத்துப்போய்த் தின்னும், எஞ்சியது நுண்ணுயிருக்கு, அதைத் தின்று இறால் குஞ்சு வளரும். கடலில் பிறந்த வெள்ளை இறால் குஞ்சாக உள்ளே வந்து, இந்த வேர்களுக்கிடையே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகிறது. கடலில் வலை விரிக்கும் கிராமத்தின் பிடிப்புக்கும் இந்தச் சேற்றுக்கும் உள்ள உறவு அதுதான்.

கழுத்தளவு நீரில் நடந்து, கையால் தடவி இறால் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப்பறியில் போட்டுக்கொண்டே போகும் இருளர் பெண்களையும் சில கழிகளில் பார்க்கலாம். வலையில்லை, தூண்டிலில்லை. எந்தச் சேற்றில் எந்த நேரத்தில் இறால் ஒண்டியிருக்கும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரிகிறது. கழிமுகத்தைப் பற்றிய அறிவு என்று எழுதும்போது பரங்கிப்பேட்டை ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இவர்களையும் எழுதவேண்டும் என்பது என் துணிவான கருத்து.

இப்போது நோய்க்கு வருவோம். சில இடங்களில் காடு திடீரென நின்று, வெறும் திடல் வரும். உமரிச் செடி தவிர வேறொன்றும் இல்லை. இந்தக் காட்டை யார் அழித்தார்கள் என்ற கேள்விக்கு வெகு காலம் தயாரான பதில் ஒன்று இருந்தது: பக்கத்துக் கிராமத்தார் விறகு வெட்டினார்கள், மாடு மேய்த்தார்கள். 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இதை ஆராய்ந்தபோது வேறு காரணம் வெளியே வந்தது. பிரிட்டிஷ் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் மொட்டையாக வெட்டி விறகாக்கினார்கள். விட்டுவிட்டால் தானே முளைத்துவிடும் என்பது கணக்கு. மலைக்காட்டில் அது ஓரளவு நடக்கும். இங்கே நடக்கவில்லை. நிழல் போனதும் சேற்றின் ஈரம் வெயிலில் ஆவியாயிற்று. ஈரம் போன சேறு சுருங்கி அமிழ்ந்தது. நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக நிலம் தாம்பாளமாகிவிட்டது. கடல் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீருக்கு இறங்கும்போது வெளியே போக வழியில்லை. தேங்கி, வற்றி, கடலைவிட உப்பாயிற்று. விழுந்த கன்று ஒவ்வொன்றும் கருகியது.

இவ்வளவுக்கும் காரணம், தண்ணீர் உள்ளே வருவது நின்றதல்ல. வெளியே போவது நின்றதுதான். அதனால் மருந்தும் எளிமையாயிற்று. கழியிலிருந்து திடலுக்குள் ஒரு தாய் வாய்க்கால்; அதன் இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருப்பதால் மீன்முள் வாய்க்கால் என்று பெயர். ஏற்றத்தில் நீர் கடைசிக் கிளைவரை போய், வற்றத்தில் முழுதும் வடிந்துவிடும். உப்பு கழுவப்பட்டது. பிறகு கரைகளில் வெண்கண்டல் கன்றுகளை வைத்தார்கள். இந்த வேலையில் வனத்துறையும் கிராமங்களும் சேர்ந்துகொண்டன. வாய்க்கால் வெட்டியதும், ஆண்டுதோறும் சேறு அள்ளித் தூர்வாரியதும், மாட்டைத் திருப்பிவிட்டதும் ஊர்க்காரர்கள், அதாவது காட்டை அழித்தவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள். வெறும் திடல்கள் சில ஆண்டுகளில் பச்சையானதைச் செயற்கைக்கோள் படங்களிலேயே பார்க்க முடிந்தது. இதே முறை பிறகு முத்துப்பேட்டைக்கும் ஆந்திரக் கரைக்கும் போயிற்று.

இன்றும் சதுப்புக் காடு வளர்க்கிறோம் என்றால் பல இடங்களில் விழா வைத்துக் கன்று நடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். கன்று நடுவது கடைசி வேலை. முதல் வேலை தண்ணீர் போகவர வழி செய்வது. அது சரியானால் பல இடங்களில் கன்று நடவே வேண்டியதில்லை. மிதந்து வருவதே போதும். அது சரியாகாத இடத்தில் லட்சம் கன்று நட்டாலும் செத்துப்போகும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வழி என்றால் கடல் பக்கத்து வழி மட்டுமல்ல. மேலே ஆற்று வழியும் உண்டு. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணையைக் கட்டி நீரை வீராணம் ஏரிக்கும் வயல்களுக்கும் திருப்பினார். 1934இல் மேட்டூர் அணை வந்தது. தில்லி முதல் தஞ்சை வரை எல்லோருக்கும் காவிரி நீர் ‘வீணாகக் கடலில் கலக்கிறது’ என்று சொல்லிப் பழக்கமாகிவிட்டது. கடலில் கலக்கும் நீர் வீண் என்றால் இந்தத் தீவுகள் வீண், இறால் வீண். வெள்ளம் வரும் ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கழிகளின் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் கடலை எட்டிவிடும். வயல்களில் வடியும் நீரைக் கான்சாகிப் கால்வாய் இங்கே கொண்டுவருகிறது. உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பெருகுவதும், உப்புக் குறைவாக வேண்டும் இனங்கள் அரிதாவதும், மேலிருந்து வரும் நீரின் அளவைத்தான் காட்டுகின்றன.

நெய்வேலிக்காரர்களுக்கு இந்தச் சேற்றில் சொந்த வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக வந்ததும், 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததும் எல்லோரும் அறிந்தவை. அந்தப் பழுப்பு நிலக்கரி, கடலுக்கு அருகிலிருந்த தாழ்ந்த சதுப்புக் காடுகளின் எச்சம். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய காடு. மரம் விழுந்தது, நீரில் அமிழ்ந்தது, உயிர்வளி இல்லாததால் மக்கவில்லை, மேலே மண் படிந்தது. உங்கள் படகுக்குக் கீழே இப்போது நடப்பதில் முதல் படி அதே வேலைதான். சதுப்புக் காட்டின் கரிமம் பெரும்பாலும் மரத்தில் இல்லை, வேருக்கடியில் இருக்கும் சேற்றில் இருக்கிறது. இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் கரைகளில் 25 சதுப்புக் காடுகளை அளந்து 2011இல் வெளியான ஆய்வொன்று, ஹெக்டேருக்குச் சராசரியாக 1,000 டன்னுக்கும் மேல் கரிமம் கண்டது. பிச்சாவரம் போன்ற குட்டையான காட்டில் அவ்வளவு எதிர்பார்க்கக்கூடாது. ஆனாலும் முறை ஒன்றே. ஒரே மாவட்டத்தில், பழைய சதுப்பைத் தோண்டி எரித்துக் காற்றில் விடும் ஊரும், காற்றிலிருந்து எடுத்துச் சேற்றில் புதைக்கும் ஊரும் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கின்றன. எரிக்கும் வேகத்துக்குப் புதைக்கும் வேகம் ஈடாகாது, பக்கத்தில்கூட வராது. மரம் நட்டுக் கணக்கை நேர்செய்துவிடலாம் என்று யார் சொன்னாலும் இந்த இரண்டு வேகங்களையும் கேளுங்கள்.

நேரமிருந்தால் கடைசியாகச் சின்னவாய்க்கால் பக்கம் போகச் சொல்லுங்கள். கழி கடலோடு கலக்கும் இடம். அதற்கு முன்னால் மணல் மேட்டில் எம்.ஜி.ஆர். திட்டு என்றொரு மீனவர் குடியிருப்பு இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை அதைத் துடைத்துவிட்டது. உயிர் தப்பியவர்கள் உள்நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களோ பெரிதாகச் சேதமில்லாமல் தப்பின. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் டேனியல்சன் குழு இந்தக் கடலூர்க் கரையை ஆராய்ந்து, மரங்கள் காத்தன என்று எழுதியது. அதே ஆண்டு கதிரேசனும் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குடியிருப்புகளை ஒப்பிட்டு அதே முடிவுக்கு வந்தார்கள். மறு ஆண்டு வேறொரு குழு அவர்கள் தரவையே மறுபடி கணக்கிட்டு, தப்பிய ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தன, அதுவே பெரும்பாலானதை விளக்கிவிடுகிறது என்றது. இந்த வாதத்தை நான் காட்டின் தோல்வியாகப் பார்க்கவில்லை. அலையின் வேகத்தை மரங்கள் குறைப்பது உண்மை. எவ்வளவு பெரிய அலையை, எத்தனை மீட்டர் அகலக் காடு, எவ்வளவு குறைக்கும் என்பதுதான் கேள்வி. காடு இருக்கிறதே என்று கடலோரத்தில் வீடு கட்டச் சொல்வது உயிரோடு விளையாடுவது. காடு நிற்கும் இடத்தில் ஊர் இல்லாதிருப்பதே அது தரும் பாதுகாப்பில் ஒரு பகுதி.

2022இல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. காகிதத்தில் பாதுகாப்பு வந்துவிட்டது. கடல் மட்டம் உயர்ந்துகொண்டிருக்கிறது. பாலினீசியாவின் தாழ்ந்த பவளத் தீவுகளில், துவாலு போன்ற நாடுகளில், கேள்வி பவளம் கடலோடு போட்டியிட்டு வளருமா என்பது. சூடேறும் நீரில் அது வெளிறிச் செத்தால் தீவுக்கு மண் கொடுக்க ஆளில்லை. இங்கே கேள்வி ஆறு மண் கொடுக்குமா என்பது. வேர்கள் வண்டலைப் பிடித்துத் தரையைக் கடலோடு கூடவே உயர்த்தக்கூடியவை, வண்டல் வந்தால். வராவிட்டால் காடு நிலம் நோக்கிப் பின்வாங்க வேண்டும். பின்னால் பாருங்கள்: இறால் பண்ணைக் குட்டைகளின் கரைகள், வயல் வரப்புகள், சாலை. அவற்றில் எந்தெந்த இடத்தைக் காட்டுக்கு விட்டுக்கொடுக்க முடியும் என்பதை வனத்துறையும் பொதுப்பணித்துறையும் கிள்ளை ஊராரும் இருளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து வரைபடத்தில் குறித்தாக வேண்டும். குட்டைக்கும் சாலைக்கும் புதிதாக அனுமதி கேட்டு வரும் ஒவ்வொரு மனுவின்போதும் அந்த வரைபடம் எடுத்துப் பார்க்கப்பட வேண்டும்.